சுமனுக்காக இரண்டு செபங்கள்

யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கும் அந்த றப்பர் தோட்டத்தில், தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை வாசிப்பவள் ஞானப்பூதான். காலையில் பால் வெட்டி முடித்து, குளித்து, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கோயிலுக்கு வந்துவிடுவாள். பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் மலையேறி வருவார். மற்ற நாட்களில் அவள் குரலுக்குத்தான் சனங்கள் முழந்தாளிட்டார்கள்.

இரண்டாயிரத்து எட்டில், தவக்காலம் தொடங்கிய வாரம், அவள் மகன் சுமனைக் கொழும்பில் அவன் வேலை செய்த கடை வாசலில் வைத்து யாரோ வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஞானப்பூவும் புருஷன் சவரியானும் பொலிஸ், சிறைச்சாலை என்று படியேறி அலைந்தார்கள். "மெஹே நே." இங்கே இல்லை. போன இடமெல்லாம் சிங்களத்தில் அந்த ஒரே பதில்தான். அந்த வருஷமும் அவள் ஒரு வெள்ளி தவறாமல் வாசித்தாள். மகன் வந்து சேரும்வரை மீன், கருவாடு தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டாள்.

நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. பூசையில் சாமியார் இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லிச் செபித்தார். சவரியானின் தாய், தகப்பன் பெயர்களுக்குப் பிறகு, "சுமன்" என்றார்.

ஞானப்பூ எழுந்து நின்றாள். "சாமி, எம்மகன் சாகலைங்க."

சாமியார் திகைத்துப்போய்ச் சவரியானைப் பார்த்தார். அவன் தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் சண்டை பிடிக்கவில்லை. "ஏங்க பேரு குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒருவேள செத்திருந்தான்னா? அவன் ஆத்துமாவுக்கு நம்மள விட்டா யாரு செபிப்பா?"

"உசிரோட இருந்தான்னா? பெத்தவங்களே செத்தவனாக்கிட்டா, அவன் எந்த வீட்டுக்குங்க திரும்பி வருவான்?"

அன்றுமுதல் இருவரும் செபமாலையைச் சேர்ந்தே சொல்லி முடிப்பார்கள். பிறகு சவரியான் வெளியே போய், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்று இறந்தவர்களுக்கான செபத்தை முணுமுணுப்பான். அவள் உள்ளே, தூரதேசம் போனவன் சுகமாய் வந்து சேர வேண்டும் என்று மன்றாடுவாள்.

மறுவருஷம் பெரிய வெள்ளி. சிலுவைப்பாதையின் பதினான்கு தலங்களில் பன்னிரண்டாம் தலம்வரை அவள் குரல் நடுங்கவில்லை. பதின்மூன்றாம் தலத்தில், இயேசுவின் உடலை இறக்கித் தாயின் மடியில் கிடத்துகிறார்கள் என்று வாசித்தவள், நின்றுவிட்டாள்.

"மாதாவே, ஒனக்கு மடியிலயாவது குடுத்தாங்களே," என்றாள். அது புத்தகத்தில் இல்லாத வரி. "எனக்கு அவன் சட்டையக்கூடக் குடுக்கலையே தாயே."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் ஓடிவந்து தாங்கினார்கள். சவரியானுக்கு வாசிக்கத் தெரியாது. அவளிடமிருந்து புத்தகத்தை வாங்கி, மூடியபடியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பதினான்காம் தலத்தைக் கேட்ட ஞாபகத்தில் சொன்னான். கல்லறை என்ற சொல் வந்ததும் அவனும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். சனங்கள்தான் பாட்டெடுத்து முடித்தார்கள்.

கோயிலிலிருந்து இறங்கி வரும்போது, "இனி நான் பேரு குடுக்கமாட்டேன் புள்ள," என்றான்.

"நீங்க வெளிய போய் நிக்காதீங்க. உள்ளேயே சொல்லுங்க," என்றாள் அவள்.

அன்று மாலை அவன் உள்ளேயே, அவள் பக்கத்தில் முழந்தாளிட்டு அந்தச் செபத்தைச் சொன்னான். அவள் கடைசிவரை கேட்டிருந்தாள். ஆமென் மட்டும் சொல்லவில்லை.