உப்பளக்கும் ஃபுசாயே

ஃபுசாயே தெருவில் வருகிறாள் என்றால் ஒவ்வொரு அடுப்படியிலும் ஒரு பரபரப்பு. அவள் பையில் இருப்பது ஓர் உப்புமானி. ஜப்பானின் நாகானோ மலைக்காரர்கள் உப்பைத் தின்றே பக்கவாதத்தில் விழுகிறார்கள் என்று சுகாதார நிலையம் சொன்னதிலிருந்து, வீடு வீடாகப் போய், புளித்த சோயா விழுதான மிசோவைக் கரைத்த சூப்பில் அதை முக்கி அளவைக் குறித்துக்கொள்வது அவளைப் போன்ற பெண்களின் தொண்டு. அவள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளே யாராவது உப்பைக் குறைத்துக் காட்டப் பானையில் வெந்நீரை ஊற்றிவிடுவார்கள். யாரை ஏமாற்றுகிறார்களாம்?

ஆனால் அவளுக்குப் பிடிபடாத புதிர் வீட்டிலேயே இருந்தது. போன குளிர்காலத்தில் கணவர் ஷிகெதோவுக்கு வாய் கோணி, இடது கை ஒரு வாரம் விளங்காமல் கிடந்தது. இன்னொரு தடவை வந்தால் பிழைப்பது கஷ்டம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து தினமும் காலையில் நெத்திலிக் கருவாட்டைத் தலையும் குடலும் கிள்ளிக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்தபின் ஒரே ஒரு கரண்டி மிசோவைக் கரைப்பாள். கிண்ணத்தில் உப்புமானியை முக்கி, புள்ளி எட்டு சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால்தான் அவர் பக்கம் நகர்த்துவாள். அவர் பேசாமல் குடித்துவிட்டுக் காலாற நடக்கப் போவார். அப்படியும் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. உப்பு எந்த வழியாக உள்ளே போகிறது? ஊறுகாயை ஒளித்து வைத்தாள். சோயா சாஸ் பாட்டிலில் கோடு போட்டுப் பார்த்தாள். ஒன்றும் துப்புக் கிடைக்கவில்லை.

ஒரு நவம்பர் காலையில், வெந்நீர் ஊற்ற நேரம் கொடுக்கக் கூடாதென்று, சொல்லாமல் கொள்ளாமல் கெங்கிச்சியின் வீட்டுக்குப் போனாள். மனைவியை இழந்து, தானே பொங்கித் தின்னும் மரம்வெட்டி அவர். வாசலில் ஷிகெதோவின் ரப்பர் பூட்ஸ் கிடந்தது. உள்ளே ஷிகெதோ கிண்ணமும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"உப்புப் போலீஸ் வந்தாச்சு! ஷிகெதோ, கையத் தூக்குடா!" என்றார் கெங்கிச்சி.

"சிரிக்காதீங்கண்ணே. இந்த மனுஷன் உயிரோட விளையாடறீங்க."

பானைக்குள் உப்புமானியை விட்டாள். புள்ளி ஏழு. நம்பாமல் மறுபடியும் முக்கினாள். அதே புள்ளி ஏழு. உருளைக்கிழங்கும் காளானும் முள்ளங்கியுமாகப் பானை நிறையக் காய்தான்.

"என் சூப்பைவிட இதுல உப்பு கம்மியா இருக்கே! அப்புறம் எதுக்குங்க இங்க வர்றீங்க?"

ஷிகெதோ கிண்ணத்தைக் கீழே வைத்தார். கெங்கிச்சிதான் பதில் சொன்னார்: "இங்க அவன் வாய் வைக்கறதுக்கு முன்னாடி யாரும் கருவியை முக்கறதில்லம்மா."

ஃபுசாயேவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உப்புமானியைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டாள். "இங்க எத்தனை கிண்ணம் குடிக்கறீங்க?"

"ரெண்டு," என்றார் ஷிகெதோ.

"சில நாள் மூணு," என்றார் கெங்கிச்சி.

"அடப்பாவி, காட்டிக் குடுக்கறியே!"

வீட்டில் ஒன்று, இங்கே மூன்று. உப்பு வந்த வழி தெரிந்துவிட்டது. அழுகைதான் வந்தது.

மறுநாள் காலை கிண்ணத்தை நேராக அவர் முன்னால் வைத்தாள். அவர் பழக்கதோஷத்தில் காத்திருந்தார்.

"அளக்கலையா?"

"ஆறிடப் போகுது, குடிங்க."

அப்படியே கொடுக்க அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அவர் ஒரு வாய் உறிஞ்சினார். முகத்தைச் சுளித்தார்.

"உப்பு பத்தல."

பத்து மாதத்தில் அவளிடம் அவர் அதைச் சொன்னதே இல்லை.

"எனக்கும்தான் பத்தல. அதுக்காக உங்கள விட்டுட முடியுமா?"

ஷிகெதோ அவளையே பார்த்தார். பிறகு மிச்சத்தையும் குடித்துவிட்டு, நடக்கப் போகாமல், அவள் குடித்து முடிக்கும் வரை எழுந்திருக்காமல் கூடவே உட்கார்ந்திருந்தார்.