உப்புக் கரிக்காத கிணறு

மீன்காரர் வீட்டு மருமகளாக இருந்துகொண்டு தண்ணீருக்குப் பயப்படுகிறவள் இந்தப் பழவேற்காட்டு ஏரியைச் சுற்றி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஏரியைக் கண்டு எனக்குப் பயமில்லை. படகு ஆடினாலும் பயமில்லை. யாராவது சொம்பில் மொண்டு, "இந்தா, ஒரு வாய் குடி" என்று நீட்டினால்தான் பயம். எந்த வீட்டுக்குப் போனாலும் நான் தண்ணீரை மோந்து பார்ப்பதாக எங்கள் குப்பத்தில் பேச்சு உண்டு. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

நான் ஆரம்பாக்கம் பக்கத்துக்காரி. கல்யாணமாகி ஏரிக்கு நடுவில் இருக்கிற இந்தத் தீவுக்கு வந்தேன். எங்கே போவதானாலும் படகில் ஏறித்தான் போகவேண்டும். இங்கே தண்ணீரில் இரண்டே சாதி: உப்புத் தண்ணி, நல்ல தண்ணி. கரித்தால் உப்பு, கரிக்காவிட்டால் நல்லது. அதற்கு மேல் யாரும் ஒரு கேள்வியும் கேட்டுப் பார்த்ததில்லை.

இந்த விஷயத்தில் எங்கள் மாமனார்தான் குப்பத்துக்கே நீதிபதி. காலையில் வலையைத் தொடுவதற்கு முன்னால் ஏரியில் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துக்கொள்வார். அந்தக் கரிப்பை வைத்தே இன்றைக்கு இறால் எந்தப் பக்கம் ஒதுங்கும், ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டு வருகிறதா என்றெல்லாம் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அவர் சொன்னபடிதான் நடக்கும். "எனுக்கு மிஷினு கிஷினு ஒண்ணும் வாணாம்மா, இந்த நாக்கு போதும்" என்பார். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினால் மற்றவர்கள் படகைத் தள்ளுவார்கள்.

குப்பத்துக்கு நடுவில் உறை இறக்கிய கிணறு ஒன்று இருக்கிறது. வருஷம் முழுக்க உப்பு. பாத்திரம் கழுவ, துணி அலச மட்டும்தான் ஆகும். குடிக்கிற தண்ணீர் அக்கரையிலிருந்து குழாயில் வரும். என் நாத்தனார் பிரசவத்துக்கு வந்த வருஷத்து மழையில் குழாய் எங்கேயோ உடைந்து போயிற்று. மோட்டாரும் முழுகிவிட்டது. காற்று அடங்குகிற நேரம் பார்த்துப் படகில் கேன் வரும், சில நாள் அதுவும் வராது. குடங்கள் காலியாகக் கிடந்த அந்த நேரத்தில்தான், மழைத் தண்ணீர் மணலில் இறங்கிக் கிணறு இனித்தது.

முதலில் ருசி பார்த்தவர் மாமனார். பக்கெட்டை இறக்கி, விரலை நனைத்து, நாக்கில் வைத்தார். அப்புறம் ஒரு கை அள்ளிக் குடித்தார். "யம்மாடி! கல்கண்டு கணக்கா கீதுடி! கொடத்த எத்துனு வாங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டு வந்துவிட்டது. அன்றைக்கு எல்லார் வீட்டிலும் டீ. கேன் தண்ணீர் டீயை விட இது எவ்வளவோ மேல் என்று பேச்சு. நானும் குடித்தேன், பொய் சொல்வானேன், ருசியாகத்தான் இருந்தது.

மறுநாள் வீட்டுக்குப் பின்னால் போனபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. எங்கள் கக்கூஸ் குழி மேல் மூடி கொஞ்சம் நகர்ந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் வாய் வரைக்கும் நின்றது. இந்த மணலில் கை நீளம் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும், மழையில் ஏரி ஏறினால் கேட்கவே வேண்டாம். அங்கிருந்து நேராகக் கிணற்றுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அங்கேயும் தண்ணீர் அதே மட்டத்தில் நின்றது. எங்கள் குழி, அடுத்த வீட்டுக் குழி, அதற்கடுத்தது என்று கிணற்றைச் சுற்றிலும் குழிதான். நடுவில் இருப்பதெல்லாம் வெறும் மணல்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சோறு துன்ற நேரத்துல இன்னா பேச்சு இது?" என்று எழுந்து போய்விட்டார். மாமனாரிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். "ஏம்மா, நாத்தம் அடிக்குதா?"

"இல்ல மாமா."

"கலங்கலா கீதா?"

"இல்ல."

"கரிக்குதா? கரிக்கலல்ல? அப்பால இன்னாத்துக்குப் பேஜாரு?"

அப்புறம் சுகாதாரத்துறை ஆட்கள் வந்து, கிணற்றில் போடச் சொல்லி ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர் கொடுத்துவிட்டுப் போனார்கள். இனிக்கிற தண்ணீரில் போய் அந்த நாற்றத்தைப் போடுவார்களா? அதைத் தெரு ஓரமாகக் கோலம் மாதிரி தூவிவிட்டார்கள். தெரு வெள்ளை வெளேர் என்று சுத்தமாக இருந்தது.

என் நாத்தனார் அப்போது தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கு அம்மா இல்லை. அதனால் அவளைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு என் தலையில். அவளுக்கு மட்டுமாவது தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். வாயில் ஊற்றியதும் முகத்தைச் சுளிப்பாள். "அண்ணி, இது இன்னா, மீன் கழுவனா மாதிரி கீது?" என்பாள். நான் துணி துவைக்கப் போன நேரத்தில் கிணற்றடிக்குப் போய்ப் பக்கெட்டோடு சாய்த்துக் குடித்துவிட்டு வருவாளாம். அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு விடியற்காலையில் அவளுக்கு வயிற்றைக் கலக்கியது. சூரியன் மேலே வருவதற்குள் வாந்தியும் சேர்ந்துகொண்டது. போனதெல்லாம் கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுப்பாகப் போனது. கண் உள்ளே போய்விட்டது. கையைப் பிடித்தால் சில்லென்று இருந்தது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய்ப் படகை இழுத்தார்.

அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் உலர்ந்துவிடும். வாடைக்காற்று சுழற்றி அடிக்கிறது. ஆற்று வெள்ளமெல்லாம் முகத்துவாரத்தைப் பார்த்து ஓடுகிறது. என் வீட்டுக்காரர் இன்ஜினைப் பிடித்திருக்கிறார், மாமனார் முன்னால் நின்று கழி ஊன்றுகிறார். படகின் அடியில் பாயைப் போட்டு அவள் தலையை என் மடியில் வைத்திருந்தேன். கொதிக்க வைத்து எடுத்து வந்த தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து வாயில் விட்டால் அதே வேகத்தில் வெளியே வருகிறது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டின வரைக்கும் தண்ணீர், இவள் "தண்ணி, தண்ணி" என்று முனகுகிறாள்.

பாதி ஏரியில் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணி, உள்ள அசையல."

"தூங்கும்டி."

"காலைலேருந்து அசையல அண்ணி."

அவள் வயிற்றில் கை வைத்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆடுவது படகா, குழந்தையா என்று பிரிக்க முடியவில்லை. கத்தி அழவேண்டும் போல் இருந்தது. மாமனார் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் சட்டென்று சிரித்து வைத்தேன்.

பழவேற்காட்டில் இறங்கி, ஆம்புலன்ஸ் பிடித்து, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இரண்டு கையிலும் பாட்டில் ஏற்றினார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கிறது, ஆனால் உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார்கள். நர்சம்மா ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எந்தத் தண்ணி குடிச்சாங்க?"

"நல்ல தண்ணிதான் நர்சம்மா."

"நல்ல தண்ணின்னா? காய்ச்சினதா?"

"இல்ல. உப்பு இல்லாத தண்ணி."

அவள் என்னையே பார்த்தாள். "உப்பு இல்லன்னா நல்ல தண்ணியா?" என்றாள். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. கக்கூஸ் குழியை எட்டிப் பார்த்துப் பயந்த என் வாயிலேயே அந்த வார்த்தைதான் வந்தது. அத்தனை பேச்சிலும் அந்தத் தண்ணீருக்கு எங்களிடம் வேறு பெயரே இல்லை.

நாள் ஆவதற்கு முன்னாலேயே குழந்தை பிறந்தது. பெண். என் முழங்கை அளவு கூட இல்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் கெட்ட சேதி சொல்ல எங்களைத்தான் கூப்பிடப் போகிறார்கள் என்று எழுந்து நின்றுவிடுவேன். நாத்தனார் தேறினாள், குழந்தையும் பால் குடிக்கப் பழகியது. வீட்டுக்கு அனுப்பும்போது அந்த நர்சம்மா என்னைத்தான் நிறுத்தி வைத்துச் சொன்னாள்: "தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு எதுவும் உள்ள போகக் கூடாது. இன்னொரு வாட்டி வயித்தால போனா இந்த உடம்பு தாங்காது."

குப்பத்துக்கு வந்து பார்த்தால் குழாய் இன்னும் சரியாகவில்லை, கிணற்றடியில் அதே கூட்டம். எங்கள் தெருவிலேயே நாலைந்து வீட்டில் வயிற்றுப்போக்கு. கேட்டால் மழைக்கால வயிறு அப்படித்தான் என்கிறார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினேன். "போம்மா, உன் நாத்தனாருக்கு ஒத்துக்கலனா தண்ணி இன்னா பண்ணும்?" என்று ஒருத்தி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். அவளோடு மல்லுக்கு நிற்க எனக்கு நேரமில்லை. வீட்டில் குழந்தை இருந்தது.

உள்ளே போனால் மாமனார் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சின்ன டம்ளர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார். சேனை வைக்கப் போகிறாராம். பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது எங்கள் பக்கத்தில் பெரிய விஷயம். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். நாத்தனார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சோர்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"எந்தத் தண்ணி மாமா?" என்றேன்.

"நம்ம கெணத்துத் தண்ணிதாம்மா! மொத மொதல்ல நாக்குல வைக்கிறது, கேன் தண்ணியப் போயி வைப்பாங்களா? அதுல உசுரே இல்ல" என்று சிரித்தார். விரலை நனைத்தார். குழந்தை வாயைத் திறந்து தேடியது.

நான் யோசிக்கவில்லை. ஓங்கித் தட்டினேன். டம்ளர் சுவரில் மோதி உருண்டது, சர்க்கரைத் தண்ணீர் அவர் வேட்டியெல்லாம் சிதறியது. இந்தக் குப்பத்தில் மாமனார் எதிரில் மருமகள் உட்காரக் கூட மாட்டாள். நான் அவர் கையில் அடித்திருக்கிறேன்.

"இன்னாடி, எங்க நைனா மேலயே கைய வைக்கிறியா?" என்று என் வீட்டுக்காரர் பாய்ந்து வந்தார். அதற்குள் நாத்தனார் குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். "அண்ணி தட்டலனா நான் கடிச்சிருப்பேன் நைனா, உன் வெரல!"

மாமனார் மகளைப் பார்த்தார். "உனுக்கும் என் மேல நம்பிக்க இல்லயா, பாப்பா?"

"உன் மேல கீது நைனா" என்றாள் அழுதுகொண்டே. "உன் நாக்கு மேல இல்ல."

அவர் எழுந்தார். ஈர வேட்டியோடு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். எனக்கு உயிரே போய்விட்டது. மானஸ்தர். ஏரிப் பக்கம் போய் ஏதாவது செய்துகொண்டால்? பின்னாலேயே ஓடினேன். என் வீட்டுக்காரரும் ஓடி வந்தார்.

அவர் ஏரிப் பக்கம் போகவில்லை. கருவாடு போடுகிற கொட்டகையிலிருந்து உப்பு மூட்டை ஒன்றை முதுகில் ஏற்றிக்கொண்டு கிணற்றுக்கு வந்தார். மூட்டையின் வாயைக் கிழித்து அப்படியே உள்ளே கவிழ்த்தார். "பெருசு! புத்தி கெட்டுப் போச்சா? நல்ல தண்ணில உப்பக் கொட்ற!" என்று பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டுக் கூப்பாடு போட்டார்கள். ஒருத்தி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறிவிட்டுப் போய் இன்னொரு மூட்டையைத் தூக்கி வந்தார். இந்தத் தடவை என் வீட்டுக்காரர் ஒரு முனையைப் பிடித்தார்.

மாமனார் மூங்கில் கழியால் அடிவரைக்கும் கலக்கினார். பக்கெட்டை இறக்கி மேலே இழுத்து, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். காறித் துப்பினார். அவர் பக்கெட்டை என் பக்கம் நகர்த்தினார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

"இதுல கீற மத்ததுலாம் எனுக்குத் தெரியலம்மா. உப்பு ஒண்ணுதான் தெரியுது" என்றார். பிறகு, "இனிமே யாரும் குடிக்க மாட்டாங்க இல்ல?" என்று என்னைக் கேட்டார்.