தலைவர் உட்காராத சீட்டு

என் அத்தை பகலில் செருப்பு கம்பெனியில் அடிப்பாகத்துக்குப் பசை தடவுவாள். மாலையில் வீட்டு முன்னறையில் தோல் சைக்கிள் சீட்டுகளில் பூ வேலை செய்வாள். தோலை நனைத்து, கத்திமுனையால் கோடு கீறி, சின்ன இரும்பு அச்சுகளை வைத்துச் சுத்தியலால் தட்டுவாள். சுற்றியுள்ள தோல் அமுங்க அமுங்க, பூ மேடாக எழும். அந்தப் பசை நாற்றத்தைத் தலைமுழுக வேண்டும் என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே லட்சியம்.

அவளிடம் கறாரான வழக்கம் ஒன்று உண்டு. ஆர்டர் கொடுக்க வருபவர் எப்பேர்ப்பட்டவரானாலும், நெளிநெளியான பெட்டி அட்டையின் மேல் ஒரு நிமிடம் உட்கார வேண்டும். எழுந்ததும் எலும்பு அழுத்திய இரண்டு பள்ளங்கள் தெரியும். சீட்டில் அந்த இடங்களை வெறுமையாக விடுவாள். இல்லாவிட்டால் பூவே குத்தும். வக்கீல், டாக்டர் எல்லாரும் எங்கள் முன்னறையில் அட்டைமேல் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். வேறெங்கும் அவர்களை அவ்வளவு பணிவாக நான் பார்த்ததில்லை.

சைக்கிள் சங்கத்தின் செயலாளர் மட்டும் அட்டையை மறுத்துவிட்டார். சீட்டு அவருக்கல்ல, சங்கத் தலைவருக்கு. ரகசியப் பரிசு. அதில் தலைவர் முகத்தையே செதுக்க வேண்டுமாம்.

“மூஞ்சியா? அதுமேல உக்காரப்போறது யாருங்க?”

“தலைவர்தாம்மா.”

“அவர் மூஞ்சிமேல அவரேவா?”

“கௌரவம்மா அது! அவருக்குப் பிடிச்சுதுன்னா, சங்கத்துல இருக்கிற இருபத்தி நாலு பேருக்கும் உங்க சீட்டுதான்.”

இருபத்து நான்கு சீட்டு கிடைத்தால் அத்தை கம்பெனியை விட்டு நின்றுவிடலாம். ஆனாலும் தயங்கி என்னைப் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படியேறியவன் நான். வாடிக்கையாளர் விருப்பமே பெரிது என்று மூன்று வருடம் படித்தவன். அதையே சொன்னேன். முகத்தையும் நானே கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தேன்.

“பட்டதாரி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

விழாவில் தலைவரின் சைக்கிளில் மாட்டியிருந்த சீட்டின் மேல் துணியை விலக்கினார்கள். மீசை முடி முடியாக எழுந்து நின்றது. தலைவர் கண்கலங்கினார்.

“ஏறி ஒரு சுத்து வாங்க தலைவரே!” என்று கூட்டம் கூவியது.

ஏறினார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் தன் மூக்கே நசுங்கும், இறங்கினால் பரிசுக்கு அவமானம். மைதானத்தை மூன்று சுற்று, பெடலில் நின்றபடியே, சிரித்த முகம் மாறாமல் வந்தார்.

“இந்த வயசுலயும் என்ன வேகம் பாருங்க!” என்று செயலாளர் கைதட்டினார்.

அத்தை என் காதோரம், “போச்சுடா, இருபத்தி நாலும் போச்சு” என்றாள். நான் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

மூன்றாம் நாள் தலைவர் தனியாக வந்தார். முழங்கால் வலியில் லேசாக நொண்டினார். சீட்டைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “செயலாளர் சொன்னாரே, அந்த அட்டை எங்கம்மா?” என்றார்.

உட்கார்ந்தார், எழுந்தார். அத்தை பள்ளங்களைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டாள்.

“என்ன படம் போடட்டுங்க?”

“யார் மூஞ்சியும் வேணாம்மா. ஒரு பூங்கொடி போதும். சங்கத்துல எல்லாருக்கும் அதேதான். ஒவ்வொருத்தரா அனுப்பறேன், நல்லா உக்கார வைங்க.”

அவர் தெருமுனை திரும்பும்வரை அத்தை வாசலிலேயே நின்று பார்த்தாள். பிறகு கத்தியை என்னிடம் நீட்டினாள்.

“பட்டதாரி, இன்னும் இருபத்தி மூணு அட்டை வேணும். அந்தப் பழைய பெட்டிய எடுத்து வெட்டு. நெளிவு நசுங்காம வெட்டுடா.”