பீடித் தட்டும் என் வலது காலும்

பிரேக்கை மிதித்தேன், மிதித்தது காலுக்குத் தெரியவில்லை. பல்லேபொல சந்தியில் என் த்ரீவீல் ஆட்டோ, முன்னால் நின்ற பஸ்ஸை உரசிக்கொண்டுதான் நின்றது. இறங்கிச் செருப்பைக் கழற்றினேன். வலது பெருவிரல் நீலம் பாரித்திருந்தது. தொட்டால் ஐஸ்.

ஆஸ்பத்திரியில் அதற்குப் பர்ஜர் நோய் (புகையிலையால் கைகால்களின் இரத்தக் குழாய்கள் அடைபடுவது) என்று பெயர் சொன்னார்கள். "மருந்து பாதி, நீங்க பாதி. பீடிய விடல்லன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும்" என்றார் டாக்டர். என் மனைவி ஸ்டெல்லா அங்கேயே அழுதாள். எனக்கோ டாக்டர் மேல்தான் கோபம். இருபத்தாறு வருஷப் பழக்கத்தை விடச் சொல்ல இந்த மனுஷனுக்கு இரண்டு நிமிஷம் போதுமா? ஆனால் பிரேக் வலது காலில்தான் இருக்கிறது. அந்தக் கால் போனால் த்ரீவீலும் போய்விடும்.

அங்கேயே புதன்கிழமைகளில் புகைப்பழக்கத்தை விடுவோருக்கான கிளினிக் நடந்தது. அரசாங்கச் செலவில் நிக்கோட்டின் சூயிங்கம் (பீடி ஏக்கத்தைத் தணிப்பது) கொடுத்தார்கள். நடத்திய நர்ஸ் மிஸ் எங்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டார். ஏக்கம் வந்தால் மற்றவருக்குப் போன் எடுக்க வேண்டும். எனக்கு வாய்த்தவர் ராசையா அண்ணன். தோட்டத்து ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்ந்தவர். அவருக்கு சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் சுருங்கும் நாள்பட்ட நோய்).

"தம்பி, இப்பவே ஒன்னு பத்தவைக்கணும் போல இருக்குடா" என்பார்.

"இருங்கண்ணே, ஒரு ஹயர், ஆள எறக்கிட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் தீப்பெட்டியத் தொடாதீங்க."

நான்கு மாதம் இப்படியே ஓட்டினோம். விரலில் நீலம் குறைந்தது.

பிறகு ஒரு புதன்கிழமை கதவில் பூட்டுத் தொங்கியது. மிஸ் வெளியே நின்றுகொண்டிருந்தார். "இந்த வருஷம் இதுக்குக் காசு ஒதுக்கல்லயாம், அந்தோனி. கம்மும் முடிஞ்சிருச்சு. என்னைய வார்டுக்குப் போட்டுட்டாங்க."

கம் இல்லாமல் ராசையா அண்ணனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அவர் எனக்குப் போன் எடுப்பது குறைந்து நின்றே போனது. நான் எடுத்தாலும் பதில் இல்லை. வீடு தேடிப் போயிருக்கலாம், போகவில்லை. போனால் அவர் வாயிலிருக்கும் பீடியை வாங்கி நானும் ஒரு இழுப்பு இழுத்துவிடுவேன் என்ற பயம். மழை தொடங்கியபோது மூச்சு முட்டி இறந்துபோனார். அந்தப் பயத்தை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

எங்கள் பக்கம் சாவு வீட்டுக்கு வருபவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு பீடி, சிகரெட்டையும் தட்டில் வைத்து நீட்டுவதுதான் மரியாதை. அண்ணனின் மனைவி நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்கதான் விட்டுட்டீங்களே, தட்ட நீங்க புடிங்க. மத்தவனுக கையில குடுத்தா பாதி அவனுக பைக்குள்ள போயிரும்."

புருஷனைக் கொன்றது எதுவென்று அவருக்குத் தெரியாதா என்ன? அழுது வீங்கிய முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல முடியும்? வாங்கிக்கொண்டேன்.

காலை முழுவதும் அந்தத் தட்டோடு நடந்தேன். எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. போன் எடுக்கலாமென்றால், எடுக்க வேண்டிய ஆள் பெட்டிக்குள் கிடந்தார்.

மதியம் மிஸ் வந்தார். வந்தவர்களுக்கெல்லாம் நீட்டிய கை அவருக்கும் நீட்டிவிட்டது.

"என்ன அந்தோனி இது? கீழ வைங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கிளினிக்குக்குத்தான் மிஸ் காசில்ல. இந்தத் தட்டு எந்த வருஷமாவது நின்னிருக்கா?"

அவர் தட்டை என் கையிலிருந்து வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு ஒரு கதிரையில் உட்கார்ந்தார். பெட்டி தூக்கும் வரை எழும்பவில்லை. கேட்டு வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வெற்றிலையோடு திரும்பினார்கள்.

இதே நோயோடு இதை வாசிப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் வெற்றிக் கதை எதுவுமில்லை. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் விரல்களை மோந்துகொண்டே வந்தேன். புகையிலை வாசம். ஸ்டெல்லா சவர்க்காரத்தை எடுத்து வைத்தாள். கழுவ மனம் வரவில்லை, அப்படியே படுத்துவிட்டேன்.

எனக்கு இப்போதெல்லாம் நாள் தொடங்குவது வலது காலில். கண் விழித்ததும் பெருவிரலைத் தொட்டுப் பார்ப்பேன். சூடு இருந்தால் அன்றைய நாள் எனக்கு உண்டு. சாவு வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் காலையிலும் அந்த வாசம் பிடித்த கையாலேயே தொட்டேன்.

சூடாக இருந்தது. எழும்பிப் போய்க் கையைக் கழுவினேன்.