எலிகளுக்கும் ஒரு வார்த்தை

1. ஆளில்லாத கப்பல்

ஆட்கள் எல்லோரும் இறங்கிப் போன பிறகு ஒரு கப்பலுக்குள் நடந்து பார்த்திருக்கிறீர்களா? வாய்ப்பு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். சமையலறையில் தேநீர்க் கோப்பையிலிருந்து ஆவி இன்னும் வந்துகொண்டிருக்கும். யாரோ அணைக்க மறந்த மின்விசிறி சுற்றும். தலையணையில் தலை பட்ட பள்ளம் அப்படியே இருக்கும். ஆற்றுத் தண்ணீர் இரும்பில் மோதும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது. என் பணிக்காலம் முழுவதும் அந்த அமைதிக்குள் நடந்தேன். ஓய்வுபெற்று, ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையோரத்து வீட்டில் மத்தியானம் கண்ணை மூடினால் இன்றும் கப்பலுக்குள்தான் நடக்கிறேன். "ரயில் இவ்வளவு சத்தம் போடுது, எப்படித்தான் தூங்குறீங்களோ" என்று மனைவி சலித்துக்கொள்வாள். எனக்கு அது ஆற்றுச் சத்தமாகத்தான் கேட்கிறது.

என் வேலை எலி. சிரிக்காதீர்கள். ரங்கூன் துறைமுகத்தில் கப்பல்களுக்கு மருந்து விடும் குழுவுக்கு நான் மேஸ்திரி. மருந்து என்பது எங்கள் வழக்கு. உண்மையில் அது விஷ கேஸ். வேலை முடிந்து, கப்பல் சுத்தம் என்று சான்று கொடுத்தால்தான் அடுத்த துறைமுகத்தில் அதைச் சேர்ப்பார்கள்.

சேர்ந்த அன்று, அப்போது துறைமுக சுகாதாரத்துக்குப் பொறுப்பாக இருந்த பர்மிய டாக்டரம்மா என்னை உட்கார வைத்து, அவர்கள் வழக்கப்படி பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'கோ' போட்டுப் பேசினார். "ரெண்டு பெரிய யுத்தத்துக்கு நடுவுல உலகம் கொஞ்ச நாள் நல்ல புத்தியோட இருந்துச்சு, கோ செல்வா. நாடுங்க எல்லாம் ஒண்ணா உட்கார்ந்து பிளேக்கைப் பத்தியும் எலியைப் பத்தியும் பேசுனாங்க. ஒரு துறைமுகம் குடுக்குற எலிச் சான்றை இன்னொரு துறைமுகம் நம்பணும்னு ஒத்துக்கிட்டாங்க. வாராவாரம் இங்கேருந்து தந்தி போகும், என்ன நோய் இருக்கு, எத்தனை பேருக்குன்னு. ஒண்ணுமே இல்லைன்னாலும் 'இல்லை'ன்னு அடிக்கணும். அப்புறம் மறுபடியும் சண்டை போட்டாங்க, அது அவங்க தலையெழுத்து. எலிச் சான்று மட்டும் பிழைச்சுக்கிச்சு."

இன்று அந்தச் சான்றுக்குப் பெயர் மாறிவிட்டது, விஷயம் அதேதான். ரங்கூனில் நான் "சுத்தம்" என்றால், என்னைக் கண்ணால் கண்டிராத ஒரு ஹாலந்துக்காரன் நம்புவான். பக்கத்து வீட்டுக்காரன்கூட என்னை அவ்வளவு நம்பியதில்லை! அந்தப் பெருமையில் எனக்குச் சம்பளக் குறைவு பெரிதாகத் தெரியவில்லை.

2. ஊ தெய்ன் செய்கிற கூத்து

எங்கள் குழுவில் மூத்தவர் ஊ தெய்ன். 'ஊ' என்பது வயதில் பெரியவருக்குப் போடும் மரியாதை. பௌத்தர், எறும்பைக்கூட மிதிக்காமல் நடப்பவர். அப்படிப்பட்ட மனுஷன் இந்த வேலைக்கு ஏன் வந்தார் என்று கேட்டால், "பொண்ணு நர்ஸிங் படிக்குதே" என்பார். மருந்து விடுவதற்கு முன்னால் மரச் சுத்தியலை எடுத்துக்கொண்டு கப்பலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரும்பைத் தட்டிக்கொண்டே போவார். கூடவே, உரத்த குரலில் பர்மியில் எலிகளோடு பேசுவார். "எழுந்திருங்க, பிள்ளைங்களா. இன்னிக்கு விஷக் காத்து விடப் போறோம். இங்கே இருந்தா செத்துப் போவீங்க. போயிடுங்க. கடோ, கடோ." கடோ என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கும்பிடுவது. பேசிவிட்டு, அவை கிளம்ப அவகாசம் கொடுப்பதுபோல நின்று காது கொடுப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எலி கரைக்கு வரக்கூடாது என்பதுதான் சட்டமே. கப்பலைக் கட்டிய ஒவ்வொரு கயிற்றிலும் வட்டத் தகரம் மாட்டியிருப்போம், எலி தாண்ட முடியாதபடி. "கதவைப் பூட்டிட்டு விருந்தாளியைக் கிளம்பச் சொல்றீங்களே" என்று நான் கேலி செய்வேன். "சொல்றது என் கடமை. போறது அதுங்க பாடு" என்பார். விட்டுவிட்டேன். அவர் தட்டுகிற நேரத்தில் நான் ஒரு வெற்றிலை போட்டுக்கொள்ளலாம்.

3. அந்த மத்தியானம்

நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்பு நடந்தது இது. குளிர்காலம். போட்டாதாங் படகுத்துறைப் பக்கம் கடற்காகங்கள் வந்து இறங்கியிருந்தன. மத்தியானமாகியும் ஆற்றின் மேல் புகைபோலப் பனி. எதிர்க்கரை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அரிசி ஏற்ற வந்த வெளிநாட்டுக் கப்பல். ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் மூன்று முறை எச்சரிக்கை கொடுத்தார்கள். மாலுமிகள் எல்லோரும் இறங்கிக் கரையில் நின்றார்கள். நாங்களும் டார்ச் அடித்து அறை அறையாகப் பார்த்துவிட்டோம்.

கப்பல் ஏஜெண்டின் ஆள் நைனா பாய் கீழே நின்று குதித்துக்கொண்டிருந்தார். லான்மடாவ் பேட்டைக்காரர், நல்லவர்தான், ஆனால் அவசரத்தில் பிறந்தவர். "கோ செல்வா, இன்னும் என்ன டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டு? நாளைக்குத் தண்ணி இறங்கிட்டா கப்பல் நகராது, என் முதலாளி என்னை உரிச்சிடுவார்! அந்தப் பெரியவரைக் கீழே இறக்குங்க, மருந்தைத் திறங்க!"

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நான் ஊ தெய்னைக் கூப்பிடப் போனேன். அவர் முன்பக்கத்தில், கயிறு அடுக்கும் அறைக்கு மேலே நின்றிருந்தார். ஏதோ கேட்டவர்போல ஒரு கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். பனிக்குள் கடற்காகங்களின் சத்தம்கூட அடங்கியிருந்தது.

கீழேயிருந்து டொக், டொக்.

"எலி சுத்தியல் வைச்சிருக்காது" என்று மெதுவாகச் சொன்னார் ஊ தெய்ன். "முருகா!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தோம். கயிற்றுச் சுருளுக்குப் பின்னாலிருந்து ஒரு பையன் எழுந்தான். இருபது வயதுக்குள்தான் இருக்கும். உதடு வெடித்திருந்தது. நான் சொன்ன முருகனைக் கேட்டுவிட்டோ என்னவோ, தட்டுத் தடுமாறித் தமிழில் பேசினான். "மாமா, ஏதோ இங்கிலீஷ்ல சொன்னாங்க, எனக்குப் புரியலை. இவர் விஷக் காத்துன்னு சொன்னாரு. என்னைச் சொல்றாருன்னு நினைச்சேன்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். அன்று அந்தக் கப்பலில் அவனுக்குப் புரியும்படி பேசப்பட்டது எலிகளிடம் சொன்னது மட்டும்தான்.

4. வெல்வெட் செருப்பு

எதற்காக ஒளிந்திருந்தான் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த வயதுப் பிள்ளைகளிடம் இந்தக் காலத்தில் ரங்கூனில் யாரும் அதைக் கேட்பதில்லை. ஒளிந்து ஏறியவனைக் கப்பல் படிக்குக் கீழே நிற்கும் செக்யூரிட்டியிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பிறகு அவன் போவது சிறைக்கோ, கட்டாயப் பட்டாளத்துக்கோ என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"என்ன செய்ய?" என்று ஊ தெய்னைக் கேட்டேன்.

"போகச் சொன்னது நான். வழி விடாம இருந்தா எப்படி?" என்றார்.

எங்களிடம் மிச்ச உடுப்பு ஒரு ஜோடி இருந்தது. மேலங்கி, தொப்பி, முகமூடி. மாட்டிவிட்டோம். எங்கள் ஆட்கள் காலையிலிருந்து ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். முகமூடி போட்டால் எல்லோரும் ஒரே மூஞ்சி. காலிச் சிலிண்டர் ஒன்றை அவன் தோளில் ஏற்றி, நான் முன்னால் நடந்தேன். படி இறங்கினோம். செக்யூரிட்டி எங்களைப் பார்த்தான். அப்புறம் பின்னால் வருபவனின் காலைப் பார்த்தான். நானும் அப்போதுதான் பார்த்தேன். நாங்கள் எல்லோரும் பூட்ஸ், இவன் காலில் சிவப்பு வெல்வெட் செருப்பு! இதை மறந்து தொலைத்தோமே என்று நினைப்பதற்குள் செக்யூரிட்டி ஓரடி முன்னால் வந்துவிட்டான்.

"ஹேய்!" என்று பர்மியில் ஒரு கத்தல். நைனா பாய். பாய்ந்து வந்து பையனின் தோளிலிருந்த சிலிண்டரைப் பிடுங்கித் தரையில் வைத்தார். "கல்யாணத்துக்கு வந்தியா, கேஸ் வேலைக்கு வந்தியா? செருப்போட வர்றான் பாருங்க! என் கப்பலுக்குப் பக்கத்துல நிக்காதே, வீட்டுக்குப் போய் பூட்ஸ் மாட்டிட்டு வா! ஓடு!" செக்யூரிட்டி விழுந்து விழுந்து சிரித்தான். பையன் ஓடவில்லை, நடந்தான். கேட்டைத் தாண்டினான், ஸ்ட்ராண்ட் ரோட்டில் ஒரு பஸ் வந்தது, பனியில் அவனையும் பஸ்ஸையும் சேர்த்துக் காணவில்லை.

மருந்தைத் திறந்தோம். மறுநாள் கப்பல் சுத்தம் என்று சான்று கொடுத்தோம். தண்ணீர் இறங்குவதற்கு முன்பே அது போய்விட்டது.

இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். டார்ச் அடியுங்கள், சட்டப்படி எச்சரிக்கை கொடுங்கள், எல்லாம் சரி. அதற்குப் பிறகும் உங்களுக்குத் தெரிந்த எல்லாப் பாஷையிலும் ஒரு முறை கூப்பிட்டுவிட்டு, கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள். யாராவது அவசரப்படுத்தினால் படுத்தட்டும்.

ஒருநாள் கடைத்தெருவில் நைனா பாயைப் பார்த்தேன். டீ சொல்லிவிட்டு மெல்லக் கேட்டேன்: "பாய், அன்னிக்குத் தெரிஞ்சுதானே கத்துனீங்க?"

"எதை?" என்றார். கோப்பையை ஊதி ஊதிக் குடித்தார். "பூட்ஸ் மாட்டப் போனவன் இன்னும் வரலை, கோ செல்வா. இந்தக் காலத்துப் பசங்களுக்கு வேலையில அக்கறையே இல்லை."