கரிச்சட்டி வைத்தால்தான் கிளம்பும் கார்

என்ஜின் எண்ணெய் எவ்வளவு கெட்டியோ, கார் அவ்வளவு பலம் என்றுதான் நான் நம்பியிருந்தேன். அதற்கு என்னிடம் ஆதாரமும் இருந்தது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் கஞ்சி நீர்த்துப்போனது, நாங்களும் நீர்த்துப்போனோம். கெட்டிக் கஞ்சி கிடைத்தவன் மட்டும் நிமிர்ந்து நடந்தான். மனிதனுக்குச் சரியானது காருக்கு எப்படித் தப்பாகும்?

இன்று சிரம்பானில் என் பட்டறைக்குப் பிள்ளைகுட்டிகளோடு காரில் வந்து, “அண்ணே, நல்லா திக்கா ஊத்துங்க லா” என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வராது. பழைய கதை ஒன்று ஞாபகம் வரும்.

அப்போது நான் பாரோய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரைவர். வெள்ளைக்காரத் துரை மனைவி மக்களை ஏற்றிச் சுற்றிய காரை விட்டுவிட்டு ஓடிவிட்டார். காரும் நானும் புதிதாக வந்த ஜப்பான் துரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் மலாய் மொழியில் ஒன்றே ஒன்று சொன்னார்: கார் ஓடினால் நீ டிரைவர், ஓடாவிட்டால் சயாம். சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர்களில் எங்கள் தோட்டத்துக்கு அதுவரை ஒருவரும் திரும்பி வரவில்லை.

பழைய துரை வைத்திருந்த எண்ணெய் டின்னில் 30 என்று கெட்டி எண் போட்டிருந்தது. அது தீர்ந்தது. கடைகளில் ஒரு சொட்டு கிடையாது. முப்பது நல்லதென்றால் அறுபது இரண்டு மடங்கு நல்லது என்று முடிவு கட்டி, கண்ணில் பட்டதிலேயே கெட்டியானதைத் தேடினேன். செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில், கிடைத்தது. அதுவும் போதாது என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரிடம் விளக்கெண்ணெய் கேட்டேன்.

“எத்தன நாளா போகல?” என்றார்.

“ஒரு வாரமா டிரெசரய்யா. எனக்கில்ல, காருக்கு.”

“போனா எனக்குச் சொல்லு, அந்தப் பக்கம் வரமாட்டேன்” என்று போத்தலை நீட்டினார்.

இரண்டையும் காய்ச்சி ஊற்றினேன். பகல் வெயிலில் கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. வடை சுடும் வாசனை மட்டும் கூடவே வந்தது. துரையே இரண்டு தரம் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் விடியலில் நல்ல குளிர். துரை சிரம்பானுக்குப் போக வேண்டும். ஸ்டார்ட் கைப்பிடியைச் சுற்றினேன். கார் ஆடியது, என்ஜின் அசையவில்லை. எண்ணெய் பார்க்கும் குச்சியை உருவினேன். நெய்யாக உறைந்திருந்தது. சயாம் கண்ணுக்கு முன்னே தெரிந்தது. ஓடிப்போய் அடுப்புக் கரியை ஒரு சட்டியில் அள்ளி வந்து காருக்கு அடியில் வைத்து, படுத்தபடி விசிறினேன்.

அந்த நேரம் பார்த்து, வேலையாட்கள் கூடும் பெரட்டுக்கு விசில் ஊதியது. பெரட்டில் பேர் கூப்பிடும் முன், ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கைப் பார்த்து எல்லோரும் குனிய வேண்டும். தோட்டமே குனிந்து நிற்கிறது. என் கால்கள் மட்டும் காருக்கு வெளியே, சுத்தமாகக் கிழக்கே நீட்டிக்கொண்டிருக்கின்றன.

“டேய், கால மடக்குடா! யாருக்குடா காட்டுற?” என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டி பல்லைக் கடித்தார்.

பதறி வெளியே வந்தவன் கிழக்கு எது மேற்கு எது என்று தெரியாமல் காரின் முன்னால் மண்டியிட்டுத் தலையைத் தரையில் முட்டினேன். பின்னால் பூட்ஸ் சத்தம்.

“அப்பா இனி?” இது என்ன என்று மலாயில் கத்தினார் துரை.

நான் நெற்றியில் மண்ணோடு நிமிர்ந்தேன். முனியாண்டிதான் சொன்னார்: “செம்பாயாங், துவான்.” காருக்குப் பூசை நடக்கிறது, துரை என்று அர்த்தம்.

துரை கரியைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், என் நெற்றி மண்ணைப் பார்த்தார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றிக் காருக்கு ஒரு கும்பிடு போட்டார். நான் கைப்பிடியைச் சுற்றினேன். கார் கிளம்பியது.

“இனிமே நெதம் பூசதான்டா ஒனக்கு, பூசாரி” என்றார் முனியாண்டி என் காதில்.

சில வாரம் கழித்து சயாமுக்கு ஆள் பிடிக்கும் லோரி வந்தது. எங்கள் லயத்து வீடுகளில் இருந்த இளவட்டங்களோடு என்னையும் ஏற்றினார்கள். துரை ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். இவன் போனால் காருக்கு யார் பூசை செய்வது என்று லோரிக்காரனிடம் கத்தினார். ஏறியவர்களின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எண்ணெய் காலைக் குளிரில் இளகி ஓட வேண்டும். சூடேறியதும் தண்ணீராகிவிடக் கூடாது. காரைச் செய்தவன் எந்த எண் போட்ட எண்ணெயைச் சொன்னானோ அதை ஊற்றுங்கள். எனக்கு இது புரிந்தபோது, வடிகட்டிய பழைய என்ஜின் எண்ணெயோடு குளிரில் உறையாத நல்லெண்ணெயைக் கலந்து ஊற்றினேன். அரைச் சுற்றிலேயே கார் கிளம்பியது.

ஆனாலும் ஜப்பான்காரர்கள் போகும் வரை, தினமும் விடியலில் அதன் அடியில் கரிச்சட்டி வைத்தேன்.