மணலில் ஒரு கேலன்

ஒரு கேலன் பெட்ரோலுக்கு வண்டி எத்தனை மைல் ஓடும் என்று யாராவது கேட்டால், எந்தத் தரையில் என்று நான் திருப்பிக் கேட்பேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. கல்யாண வீட்டில்கூட ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறவன் நான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் யாரிடமும் தயங்காமல் பேசுவேன். ஒரு சமயம் என் வேலையே இந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட ஜீப் அது. மதுரையில் ஒருவர் அதை எடுத்து, பின்பக்கத்தை அறுத்து நீட்டி, மரப்பலகையில் சரக்குத் தொட்டி கட்டி, எங்கள் முதலாளிக்கு விற்றார். முதலாளி கீழக்கரைக்காரர். இளவயதில் தோணியில் கொழும்புக்குப் போய் வந்து வியாபாரம் பழகியவர். சாயல்குடிக்குத் தெற்கே கடற்கரையில் அவருக்கு ஒரு வாடி இருந்தது. மீனை உப்பிட்டுக் காயவைத்துக் கருவாடாகக் கட்டுகிற இடம். அந்தக் கட்டுகளை ராமநாதபுரம் ரயிலடியில் சேர்ப்பது என் வேலை. திரும்பும்போது வாடிக்கு உப்பு மூட்டை ஏற்றி வருவேன்.

ரோடு முடிகிற பனங்கூட்டத்திலிருந்து வாடி வரைக்கும் கரையோரமாக ஏழு மைல் வெறும் மணல். மாட்டு வண்டி அதில் அரை நாள் திணறும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி என்பதால்தான் முதலாளி இதை வாங்கினார். வாங்குவதற்கு முன்பே ஆள் வைத்துச் சங்கிலி பிடித்து அந்தத் தூரத்தை அளந்தும் வைத்திருந்தார்.

கேலனுக்குப் பதினெட்டு மைல் என்று மதுரைக்காரர் சொல்லியிருந்தார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. காலி வண்டியை நல்ல ரோட்டில் நிதானமாக ஓட்டி, பதினாறு வரை நானே பார்த்திருக்கிறேன். மணலில் இறங்கினால் ஆறுதான், மிஞ்சினால் ஏழு.

முதலாளி பெட்ரோல் டாங்கில் மூங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பார். குச்சியில் கத்தியால் அவரே கோடு கீறி வைத்திருந்தார். மூன்று மாதம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். நாலாம் மாதம் அவருடைய மனைவியின் தம்பி கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். அங்கே கார் ஓட்டியவர். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் படாமல் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"வண்டி குடிக்கிதா, இல்ல வண்டிக்காரன் குடிக்கிறானா மச்சான்?" என்று உரக்கக் கேட்டார்.

கருவாடு கட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"ஏலே, நேராச் சொல்லு. பெட்ரோலு எங்க போகுது?"

"மணல்லதான் மொதலாளி."

"மணல்ல ஊத்துனியா?"

"இல்ல மொதலாளி. மணலு குடிக்குது."

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். என் ஊர் நயினார்கோவில் பக்கம். வானம் பார்த்த பூமி. எங்கள் வீட்டில் ஏரை விட்டுவிட்டு வேறொன்றைக் கையில் பிடித்தவன் நான் ஒருவன்தான். பெட்ரோல் திருடன் என்ற பேரோடு இறங்கினால் இந்த ஜில்லாவில் எவனும் என்னை இன்னொரு வண்டியில் ஏற்றமாட்டான். அந்தப் பயம்தான் என்னைப் பேசவைத்தது.

"ஒரே ஒரு கேலனை அளந்து தகர டின்னுல ஊத்தி, முன்கண்ணாடி மேல கட்டிருவோம் மொதலாளி. அதுல இருந்து ரப்பர் குழாய நேரா இஞ்சினுக்குக் குடுத்துருவேன். தகரம் காலியானா வண்டி நின்னுரும். நடுவுல யாரும் எடுக்க முடியாது."

பெட்ரோல் பம்பு கெட்டுப்போன நாட்களில் நாங்கள் வழக்கமாகச் செய்கிற காரியம்தான்.

முதலாளி யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி. மொதல்ல மச்சான் ஓட்டட்டும், பெறகு நீ ஓட்டு. ஒன் கணக்க விட மச்சானுக்கு அதிக மைலு வந்துச்சுன்னா நீ ஊரு பாத்துப் போயிரு."

மறுநாள் காலை பனங்கூட்டத்தில் பத்து மூட்டை உப்போடு நின்றோம். டயர்களில் காற்று கல் மாதிரி இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும், குறைந்தால் டயர் கிழியும் என்பது முதலாளியின் உத்தரவு. மச்சினர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். முதலாளி பக்கத்தில் இருந்து மைல் மீட்டரைப் பார்த்துக்கொண்டார். நான் உப்பு மூட்டை மேல்.

அவர் ஓட்டிய ஓட்டத்தைச் சொல்ல வேண்டும். இஞ்சின் அலறியது. மணல் வாரியடித்து என் தலையெல்லாம் கொட்டியது. "பாத்தியளா மச்சான், பறக்குது!" என்று கத்திக்கொண்டே போனார். கடைசியில் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. தகரத்தில் சொட்டு இல்லை.

"பதினொரு மைலு!" மச்சினர் மீட்டரைத் தட்டினார். "இவன் கணக்குல ஆறு, ஏழு. பாக்கி நாலு மைலு பெட்ரோலு எவன் வீட்டுல இருக்கு?"

முதலாளி கீழே இறங்கினார். எதிரே கூப்பிடு தூரத்தில் வாடியில் மீன் காயவைக்கும் பந்தல் தெரிந்தது.

"மச்சான், பனங்கூட்டத்துல இருந்து வாடி எத்தன மைலு?" என்று கேட்டார்.

"ஏழு."

"அதுதான் இன்னும் வரலையே. பெறகு எப்புடி நாம பதினொண்ணு வந்தோம்?"

"மீட்டரு பழுதா இருக்கும்."

"ரோட்டுல சரியாத்தான் காட்டுது மொதலாளி," என்றேன். "மைல்கல்லுக்கு மைல்கல் பாத்திருக்கேன். மணல்ல சக்கரம் நின்ன எடத்துலயே சுத்துது. மீட்டரு சக்கரம் சுத்துறத எண்ணுது, வண்டி நகருறத எண்ணல."

அவரிடம் நான் அதுவரை பேசியதில் அதுதான் நீளமான பேச்சு. அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடேய், இது நீவாடுல்ல!"

கடலுக்குள் ஓடும் நீரோட்டத்தை எங்கள் கரையில் நீவாடு என்பார்கள்.

"எதிர் நீவாடுல தோணி போவும் மச்சான். பாயி பொடச்சு நிக்கும். தண்ணி ரெண்டு பக்கமும் பிச்சுக்கிட்டு ஓடும். ஆகா என்னா ஓட்டம்னு கரையப் பாத்தா, காலையில பாத்த அதே பனமரம் அங்கனயே நிக்கும்! மணலுக்கும் நீவாடு இருக்கு, எனக்குத்தான் தெரியல."

என் பேர் தப்பித்தது. வேலை தப்பவில்லை. உடனே அவர் முகம் மாறியது. "ஆனா ஏழு மைலு குடுக்குற வண்டிய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? மதுரைக்காரனுக்கே திருப்பிக் குடுத்துர வேண்டியதுதான்."

"இன்னும் நான் ஓட்டலையே மொதலாளி. காத்தக் கொஞ்சம் எறக்கிக்கிறேன்."

"டயரு கிழிஞ்சா?" என்றார் மச்சினர்.

"மெதுவாப் போனா கிழியாது."

அது எனக்குத் தெரிந்த விஷயம். ஒரு மாதத்துக்கு முன் பின்டயர் ஒன்றில் காற்று கசிந்தது. பஞ்சர் ஒட்ட நேரமில்லாமல் அப்படியே வாடிக்கு வந்தேன். இறங்கித் தடத்தைப் பார்த்தேன். மற்ற மூன்றும் மணலைத் தோண்டியிருந்தன. தொய்ந்த டயர் மட்டும் பாய் விரித்த மாதிரி மேலாக அமுக்கிக்கொண்டு வந்திருந்தது. உத்தரவை மீறப் பயந்து அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தது என் தப்பு.

வாடி ஆட்களோடு சேர்ந்து வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, நாலு டயரிலும் காற்றை இறக்கி, தகரத்தில் அடுத்த கேலனை ஊற்றினோம். வத்தத்துக்காக, அதாவது கடல் உள்வாங்கும் வரைக்கும், காத்திருந்தேன். எங்கள் கடல் பெரிதாக உள்வாங்காது. ஆனாலும் ஒரு வண்டி அகலத்துக்கு ஈரமணல் இறுகிக் கிடக்கும். மீன்கூடை சுமக்கும் பெண்கள் அந்த விளிம்பில்தான் நடப்பார்கள். அதே பத்து மூட்டையோடு, அந்த விளிம்பைப் பிடித்து, இஞ்சின் சத்தம் ஏறாமல் ஓட்டினேன். பனங்கூட்டம் வந்தது. தகரம் காலியாகவில்லை. திருப்பினேன். மேலும் ஐந்து மைல் வந்த பிறகுதான் வண்டி நின்றது.

மீட்டர் பன்னிரண்டரை காட்டியது. முதலாளி கரையையும் பனைகளையும் பார்த்து மனசுக்குள் கணக்குப் போட்டார். "பன்னெண்டு," என்றார். "பதினெட்டு மதுரைக்காரன் ரோட்டுக்கு. நம்ம மணலுக்குப் பன்னெண்டு. அல்லா குடுத்தது போதும்."

அன்று டாங்குப் பெட்ரோலில் வாடிக்குப் போய் உப்பை இறக்கி, கருவாட்டுக் கட்டுகளை ஏற்றி, பனங்கூட்டத்துக்கு வந்ததும் கைப்பம்பை எடுத்தேன். ரோட்டில் ஏறுமுன் டயருக்குக் காற்று அடித்தாக வேண்டும். முதலாளி அதை என் கையிலிருந்து வாங்கி மச்சினரிடம் நீட்டினார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டும்வரை அவர் அடித்தார்.

"எத்தன அடி ஆச்சு மச்சான்?"

"எண்ணல."

"ஏன், மீட்டரு இல்லையா?"

மச்சினருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பம்பைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தார். மீதி இரண்டு டயருக்கு நான் அடித்தேன்.

முதலாளி வண்டியில் ஏறிக்கொண்டு, "நாளைக்கி வத்தம் எப்ப?" என்று கேட்டார்.

"இன்னைக்கி வந்ததுக்கு ஒரு மணி நேரம் கழிச்சு மொதலாளி," என்றேன்.

"அப்ப அந்த நேரத்துக்கே வண்டியோட வா," என்றார்.